இந்திய வெளியுறவுக் கொள்கையின் அடிப்படைகள் எந்த ஆவணத்தில் இருக்கின்றன?

மாறன்77:
குரூப் 1 மெயின்ஸுக்குப் படிக்கிறேன். எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் பஞ்சசீலம் (நாடுகள் அமைதியாகச் சேர்ந்து வாழ ஐந்து கொள்கைகள்), அணிசேராமை (எந்த வல்லரசு அணியிலும் சேராமல் இருப்பது), நிறவெறி எதிர்ப்பு, ஆயுதக் குறைப்பு என்று அதே பட்டியல்தான். இவை எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? அரசு மீறினால் கோர்ட்டுக்குப் போக முடியுமா? ஐ.நா.வில் ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நிற்பது இதில் எந்தக் கொள்கை?

வழக்குமன்றம்:
ஒரே ஆவணம் என்று எதுவும் இல்லை. அரசமைப்பில் நேரடியாக இருப்பது பிரிவு 51: உலக அமைதி, நாடுகளிடையே நியாயமான உறவு, சர்வதேசச் சட்டத்துக்கும் ஒப்பந்தங்களுக்கும் மதிப்பு, தகராறுகளை நடுவர் மூலம் தீர்ப்பது. வழிகாட்டு நெறிகள் அடங்கிய நான்காம் பகுதியில் வருவதால், அவற்றை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்னும் பிரிவு 37 குறுக்கே நிற்கும். 51-ஐ மீறினார்கள் என்று மட்டும் சொல்லி வழக்குப் போட்டால் நிற்காது.

அதற்காக நீதிமன்றத்துக்கு வேலையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். மேற்கு வங்கத்தின் பெருபாரி பகுதியில் ஒரு பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில், இந்திய நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1960-இல் 9-ஆவது திருத்தம் வந்தது அதனால்தான். 1969-இல், குஜராத்தை ஒட்டிய பாகிஸ்தான் எல்லை பற்றிய கட்ச் வழக்கில், தகராறில் உள்ள எல்லையை வரையறுக்கத் திருத்தம் தேவையில்லை என்றது. கச்சத்தீவு வாதம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. இலங்கைக்கு எதையும் கொடுக்கவில்லை, 1974-இல் எல்லைதான் வரையப்பட்டது என்பது மத்திய அரசின் நிலை. பெருபாரி தீர்ப்பு இதற்கும் பொருந்தும் என்பது எதிர்த்தரப்பு வாதம்.

ஒப்பந்தம் போட நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. உள்நாட்டுச் சட்டம் மாற வேண்டியிருந்தால், ஒப்பந்தத்தை நிறைவேற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வழிதரும் பிரிவு 253. மாநிலப் பட்டியல் விஷயத்திலும் அது செல்லும்.

வடகிழக்கு_காற்று:
பஞ்சசீலத்தைப் பற்றி ஒன்று. அது தனிப் பிரகடனமாகப் பிறக்கவில்லை. 29-4-1954 அன்று பீகிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட, திபெத்துடனான வணிகம், போக்குவரத்து பற்றிய ஒப்பந்தத்தின் முகவுரையில் வரும் ஐந்து வரிகள் அவை. பதில் எழுதுபவர்களில் பலர் அந்த ஐந்தை ஒப்பித்துவிட்டு ஒப்பந்தத்துக்குள் போவதே இல்லை. திபெத்தின் யாதுங், கியாண்ட்சே இரண்டிலும் இருந்த இந்தியக் காவல்படையை ஆறு மாதத்தில் விலக்குவது, தபால் தந்தி வசதிகளையும் 12 ஓய்வு விடுதிகளையும் சீனாவிடம் ஒப்படைப்பது எல்லாம் அப்போது முடிவானவை. எல்லை பற்றி ஒரு வார்த்தை இல்லை. வணிகர்களும் யாத்ரீகர்களும் போய்வர ஷிப்கி, மானா, நீதி, குங்ரி பிங்ரி, தர்மா, லிபு லேக் என்று ஆறு கணவாய்களின் பெயர் மட்டும் இருக்கிறது. பெயர் வந்ததே எல்லையை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று டெல்லி எடுத்துக்கொண்டது. பீகிங் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வினையே அங்கேதான்.

ஒப்பந்தத்தின் ஆயுள் எட்டு ஆண்டு. 1962 ஜூனில் காலாவதியானது, போர் அக்டோபரில். ஆகவே "சீனா பஞ்சசீல ஒப்பந்தத்தை மீறிப் போர் தொடுத்தது" என்று எழுதினால் தேதி இடிக்கும். கொள்கையை மீறியது என்று எழுதுங்கள். 28-6-1954 அன்று நேருவும் சீனப் பிரதமர் சூ என்லாயும் விட்ட கூட்டறிக்கையிலும் அந்த ஐந்து இருப்பதால் அது நிற்கும்.

ஜெனீவா_பார்வை:
ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒதுங்கி நிற்பதை அணிசேராமைக் கணக்கில் எழுதுவது சோம்பேறித்தனம். தீர்மானத்தில் எந்தப் பத்தி இந்தியாவுக்கு இடிக்கிறது என்று பாருங்கள். இலங்கை மீதான ஐ.நா. மனித உரிமைப் பேரவைத் தீர்மானங்களில் 2012, 2013 இரண்டிலும் இந்தியா ஆதரவு. 2014-இல் ஒதுங்கியது. மனித உரிமை ஆணையர் அலுவலகமே விசாரிக்கும் என்ற பத்தி அந்த ஆண்டுதான் நுழைந்தது; வெளியாள் விசாரணை என்றால் டெல்லி கூசும், காஷ்மீர் நினைவுக்கு வரும். 1956-இல் ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடத்தக் கோரிய தீர்மானத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டதிலும் அந்தக் கவலை இருந்தது.

முதலில் தீர்மானத்தின் செயற்பத்திகள், அதாவது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பத்திகள். 'கண்டிக்கிறது' என்கிறதா, 'கேட்டுக்கொள்கிறது' என்கிறதா என்று வினைச்சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, ஏன் அப்படி ஓட்டுப் போட்டோம் என்று இந்தியத் தூதர் படிக்கும் வாக்கு விளக்கம். 2-3-2022 அன்று ஐ.நா. பொதுச்சபையில் வந்த உக்ரைன் தீர்மானத்தில் (141 ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 ஒதுங்கல்) இந்தியா அந்த 35-இல் ஒன்று. ஆனால் அந்த நாட்களில் அது படித்த விளக்கங்களில் ஐ.நா. சாசனம், இறையாண்மை, நிலப்பரப்பு ஒருமைப்பாடு எல்லாம் வரும், ரஷ்யாவைக் கண்டிக்கும் வரி வராது.

மாறன்77:
நன்றி சார். நடுவர் மூலம் தீர்ப்பது என்று 51-இல் இருக்கிறதே, பாகிஸ்தான் விஷயத்தில் மட்டும் மூன்றாம் தரப்பே கூடாது என்கிறோமே?

வழக்குமன்றம்:
அதற்கு 1972 சிம்லா ஒப்பந்தம்: இருதரப்புப் பேச்சு, அல்லது இருவரும் ஒப்புக்கொண்ட வேறு அமைதி வழி. சர்வதேச நீதிமன்றம் பக்கம் 1974-லேயே ஒரு தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை எந்த அளவுக்கு ஏற்கிறோம் என்று அந்த ஆண்டு கொடுத்த அறிவிப்பில், பாகிஸ்தான் உட்பட காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளை இந்தியா விலக்கி வைத்தது. 1999-இல் தன் விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் வழக்குப் போட்டபோது, 2000 ஜூனில் நீதிமன்றம் தனக்கு அதிகாரமில்லை என்றதற்கு அந்த விலக்கும் ஒரு காரணம்.

வங்கதேசத்துடன் நேர்மாறு. வங்கக் கடல் எல்லை நடுவர் மன்றத்துக்குப் போய், 2014 ஜூலையில் தகராறில் இருந்த 25,602 சதுர கி.மீ.யில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. இந்தியா ஏற்றுக்கொண்டது. 51(ஈ) பற்றிக் கேட்டால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.