மறு: பேக்பிரஷருக்குத் தமிழ்ச்சொல் – ‘எதிர்த்தேக்கம்’

குழுவினருக்கு வணக்கம்ங்க.

வாங்குகிற பக்கம் மெதுவானால் அனுப்புகிற பக்கமும் தேங்கி நிற்பதைத்தான் ‘பேக்பிரஷர்’ என்கிறோம். அதற்கு ஈரோட்டு அண்ணன் முன்வைத்த ‘பின்னழுத்தம்’ எனக்கு ஒப்பவில்லை. அழுத்தம் என்று கேட்டதும் புதுப் பையன்கள் சுமையைத் தேடிக் கிளம்புகிறார்கள். சிபியு, மெமரி, டேட்டாபேஸ் என்று சர்வரையே குடைகிறார்கள். அடைப்பு இருப்பதோ வாங்குகிற பக்கம்.

வெப் சர்வர் தரவை அனுப்ப ‘ரைட்’ அழைத்ததும் அது கெர்னலின் (இயங்குதளத்தின் உட்கரு) அனுப்பு இடையகம் என்னும் தற்காலிகச் சேமிப்பில் இறங்குகிறது, அழைப்பு திரும்பிவிடுகிறது. எதிர்முனையிலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை வரும்வரை தரவு அங்கேதான் கிடக்கும். வாங்குகிற ஃபோன் மெதுவாகப் படித்தால் அதன் விண்டோ, அதாவது ‘இன்னும் இவ்வளவு வாங்க முடியும்’ என்று அது சொல்லும் அளவு, சுருங்கிச் சுழியமாகும். இங்கே இடையகம் நிரம்பும். அப்புறம்தான் ‘ரைட்’ நிற்கிறது. காத்து நிற்காத (நான்-பிளாக்கிங்) சாக்கெட்டாக, அதாவது இணைப்பு முனையாக, இருந்தால் ‘பிறகு முயல்க’ என்னும் ‘ஈஅகெய்ன்’ பிழை வருகிறது.

கீழ்பவானி வாய்க்காலில் கீழே அடைபட்டால் தண்ணீர் தேங்கித் தேங்கி மேல்மடை வரை ஏறி நிற்குமே, அதே கதைதான். அதனால்தான் ‘எதிர்த்தேக்கம்’ என்கிறேன். வினையாகவும் வளையும்: “பதில் எதிர்த்தேங்கி நிற்கிறது.” ‘பின்னழுத்தம்’ அப்படி வளையாது. ‘எதிர்’ பகையைக் குறிக்காதா என்று கேட்டிருந்தீர்கள். எதிரொலியில் என்ன பகைங்க? திரும்பி வருவதைத்தானே சொல்கிறது.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் படப் பட்டியல் பக்கத்துக்கு இந்தச் சொல்லை வைத்துப் பார்த்தேன். என்ஜின்எக்ஸ் என்னும் வெப் சர்வரின் லாகில் ‘அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்’ (பின்னால் உள்ள அப்ளிகேஷன் பதில் தர எடுத்த நேரம்) ஒரு நொடிகூட இல்லை, ‘ரெக்வெஸ்ட் டைம்’ (கோரிக்கை முழுதும் முடிய எடுத்த நேரம்) மட்டும் நீண்டு கிடந்தது. அதாவது அப்ளிகேஷன் தன் வேலையை முடித்துவிட்டது. வாங்குகிறவர் வரைக்கும் போய்ச் சேரத்தான் நேரம். இணைப்புகளின் நிலையைக் காட்டும் ‘எஸ்எஸ்’ கட்டளையில் சென்ட்-கியூ (அனுப்பக் காத்திருக்கும் வரிசை) நிரம்பி, ‘ஆர்விண்ட் லிமிடெட்’ நேரமும் (வாங்குகிறவரின் விண்டோவால் தடைபட்ட நேரம்) ஏறியிருந்தது. இது சுத்தமான எதிர்த்தேக்கம். ரீட்ரான்ஸ்மிட் (தொலைந்ததை மறுபடி அனுப்புவது) ஏறியிருந்தால் வழியில் நெரிசல் என்று சந்தேகப்பட்டிருப்பேன். அதற்கு ‘நெரிசல்’ என்றே பெயர் இருக்கட்டும், இதோடு கலக்க வேண்டாம்.

சிறு தரவுகளைச் சேர்த்து அனுப்பும் நேகிள் அல்காரிதமும், வாங்குகிறவர் சற்றுப் பொறுத்து அனுப்பும் தாமத ஒப்புகையும் மோதி வருகிற 40 மில்லிநொடித் தயக்கத்துக்கும் இந்தப் பெயர் ஆகாது. அங்கே இடையகம் நிரம்புவதே இல்லை. சிறு பொட்டலம் முந்தைய ஒப்புகைக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். நேகிளை அணைக்கும் ‘டிசிபி நோடிலே’ அமைப்பைப் போட்டால் தீரும். எதிர்த்தேக்கம் அதற்கெல்லாம் அசையாது.

சொல்லை விக்சனரியில் ஏற்றும்போது இந்த வேறுபாட்டையும் விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள். விண்டோவைச் ‘சாளரம்’ என்றே விடுவதா, ‘ஏற்பளவு’ என்று மாற்றுவதா என்பதைத் தனி இழையில் பேசலாம்ங்க. எனக்கு ‘ஏற்பளவு’தான் பிடித்திருக்கிறது.

– கோபிசெட்டிபாளையத்திலிருந்து