வெறி பிடிச்ச ரசிகரோட ஆட்டம் பார்க்கப் போன அனுபவம்: ராமநாதபுரம் கடக்கரைப் பக்கத்து ஆளுங்க பகிருங்க

பாம்பன் பையன்

2018 ஏப்ரல் 10, சேப்பாக்கம், ஐபிஎல் கிரிக்கெட், சென்னை – கொல்கத்தா. சென்னை டீமுக்கு ரெண்டு வருசத் தடை முடிஞ்சு சொந்த மண்ணுல முதல் ஆட்டம், வெளியில காவிரிப் போராட்டம், உள்ளே செருப்பு வந்து விழுந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது என்கூட வந்தவனைப் பத்தி.

மாப்ள விசைப்படகுல போறவன். இங்கே திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மத்த நாள் நாட்டுப்படகுக்கு. மேட்ச் செவ்வாய்க்கிழமை. அதனால முந்தின நாள் பாடு, மறுநாள் பாடு (பாடுன்னா மீன் பிடிக்கக் கடலுக்குப் போற நடை) ரெண்டையும் விட்டுட்டுத்தான் வந்தான். ஏப்ரல் 15-ல மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சா 61 நாள் வருமானம் கிடையாது. அந்த வாரத்துல ரெண்டு பாட்டை விடுறது எம்புட்டுப் பெரிய விசயம்னு கடக்கரையில இருக்கிறவங்களுக்குப் புரியும். ஆனா அவன் கணக்கு வேற. "தடைக்காலம் பூரா சும்மாதானே மாப்ள இருப்பேன், மிச்ச ஆறு மேட்சும் இங்கேதான், ஒண்ணு விடாமப் பார்த்துருவோம்"னு ராமநாதபுரத்துல ரயில் ஏறினதுல இருந்து இதே பேச்சு.

கொல்கத்தா டீம் ரசல் அடிச்சாரு பாருங்க, 36 பந்துல 88, அதுல 11 சிக்சர். எங்க வரிசையில ஒருத்தரும் வாயைத் திறக்கலை. இவன் மைதானத்தையே பார்க்கலை. அண்ணாந்து கூரை மேல இருந்த கொடியையே பார்த்துக்கிட்டு இருந்தான். மூக்கை லேசா விடைச்சுக்கிட்டு, கடல்ல நிக்கிறப்ப காத்தைப் பார்ப்பாங்கல்ல, அப்படியே. "கொண்டல் நல்லா ஏறிருச்சு மாப்ள. ஈரம் இருக்கு. ராத்திரி ஆக ஆகப் பந்து வழுக்கும். 202 பத்தாது அவிங்களுக்கு"ன்னான். கொண்டல்னா கிழக்கே கடல்ல இருந்து வர்ற காத்து. பக்கத்துல இருந்த சென்னைக்காரர் திரும்பி, "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க தம்பி?"ன்னு கேட்டாரு. "மீன் பிடிக்கிறேன் சார்"னான். அதுக்கப்புறம் அவரும் கொடியைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாரு.

ஜெயிச்சோம். பில்லிங்ஸ் 23 பந்துல 56, ஒரு பந்து மிச்சம் இருக்க ஜடேஜா சிக்சர். அந்த நிமிசம் எப்படி இருந்துச்சுன்னு என்னால எழுத முடியாது.

புதன்கிழமை சாயங்காலம் எழும்பூர்ல சேது எக்ஸ்பிரஸ். அவன் மேல் படுக்கையில ஏறி, மஞ்சத் துணியை முகத்துல போட்டுத் தூங்கிட்டான். விழுப்புரம் தாண்டி நான் போனை எடுத்தா, மிச்ச மேட்ச் எதுவும் சென்னையில கிடையாது, வெளியூருக்கு மாத்தியாச்சுன்னு செய்தி. எழுப்பலாமான்னு ரெண்டு தடவை கையைத் தூக்கிட்டு விட்டுட்டேன். பரமக்குடி வந்தப்புறம்தான் எழுப்பிச் சொன்னேன்.

"நியூஸ் எப்ப வந்துச்சு?"

"ராத்திரியே."

"அப்பவே எழுப்பியிருக்கலாம்ல மாப்ள."

மண்டபத்துல இறங்குற வரைக்கும் வேற ஒரு வார்த்தை பேசலை. நான் செஞ்சது சரியா தப்பான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை. அதான் இங்கே எழுதுறேன்.

சாயல்குடி பனங்காட்டான்

என்னோடது கபடி. நம்ம பக்கம் ராத்திரி டோர்னமென்ட் எப்படி நடக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. மண்ணு கொட்டி, தண்ணி தெளிச்சு, நாலு மூலையிலயும் லைட் கட்டி, விடிய விடிய ஆட்டம்.

என் பங்காளி ஆட்டோ ஓட்டுறவன். ஊர் டீமுக்குப் பனியன் எடுத்துக் குடுத்ததே அவன்தான், அதுவும் சொந்தக் காசுல. ஒரு ஆட்டம் விட மாட்டான். பையன் பாடிப் போனா இவனும் கோட்டுக்கு வெளியில உட்கார்ந்து வாய்க்குள்ளயே கபடி கபடின்னு மூச்சைப் பிடிப்பான். முப்பது செகண்டும் பிடிப்பான்.

செமி ஃபைனல். ரெண்டு பக்கமும் சமம். கடைசியாப் பாடிப் போற முறை எங்களோடது. எங்க பையன் ஓரமா ஓடி, மூலையில நின்னவனைத் தட்டிட்டு நடுக்கோட்டுக்கு வந்துட்டான். ஊரே எந்திரிச்சிருச்சு. ஆனா தொடுறதுக்கு முன்னாடியே அவன் காலு லாபியில, அதான் கோட்டு ஓரத்துப் பட்டையில, விழுந்துருச்சு. யாரையும் தொடாம லாபியில கால் வச்சா அவுட்டு. அந்தப் பக்கம் நின்ன அம்பயர் எதிராளி காலைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு, கவனிக்கலை.

பங்காளி உட்கார்ந்த இடத்துல இருந்து எந்திரிச்சு, "மிதிச்சுட்டான் சார்"னான். கத்தலை. பக்கத்து ஆள்கிட்ட பேசுற மாதிரிதான் சொன்னான். அம்பயர் இன்னொரு அம்பயர்கிட்ட கேட்டாரு, அவரும் பார்த்திருக்காரு போல. அவுட்டு குடுத்துட்டாங்க. ஒரு பாயிண்ட்ல போச்சு.

அதுக்கப்புறம் நடந்ததை எழுத விரும்பலை. சொந்த ஊர்க்காரனே காட்டிக் குடுத்துட்டான்னு பேச்சு. ரெண்டு மாசம் அவன் ஆட்டோவுல ஊர்க்காரய்ங்க ஏறலை.

இம்புட்டும் எழுதினது எதுக்குன்னா, நான் அவன் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். காலு விழுந்ததை நானும் பார்த்தேன். மறுநாள் டீக்கடையில வச்சு, "நீயும் அங்கதானே இருந்த, மிதிச்சானா?"ன்னு கேட்டாய்ங்க. "கவனிக்கலைண்ணே"ன்னு சொல்லிட்டேன். அவனும் அங்கே நின்னுக்கிட்டுத்தான் இருந்தான்.

பழைய ரைட் கார்னர்

சாயல்குடித் தம்பிக்கு. பங்காளி சொன்னது உண்மையாவே இருக்கட்டும், ஆனா ஆட்டத்துக்கு வெளியில இருக்கிறவன் பேச்சைக் கேட்டு அம்பயர் தீர்ப்பை மாத்தக்கூடாது. நான் பதினாறு வருசம் ஆடினவன். இன்னைக்கு ஒரு நல்லவன் உண்மையைச் சொன்னான். நாளைக்கு நாப்பது பேர் எந்திரிச்சு பொய் சொல்லுவாய்ங்க, அப்ப என்ன செய்வாரு அம்பயர்?

என் அனுபவம்னா, என் மச்சினன் ஒரு தடவை நான் பிடிபட்டதும் கோட்டுக்குள்ளயே ஓடி வந்துட்டான், எங்க டீமுக்கு ஒரு பாயிண்ட் போச்சு. அவ்வளவுதான்.

டோர்னமென்ட் நடத்துறவங்க ஒண்ணைக் கவனிக்கணும். கோட்டுக்கும் கூட்டத்துக்கும் நடுவுல ரெண்டு மூணு மீட்டராவது விட்டுக் கயிறு கட்டுங்க. ஆம்பளைங்களுக்கு 13-க்கு 10 மீட்டர், லாபியும் சேர்த்துத்தான் அந்த அளவு. பத்து மீட்டர் அகலத்துல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் லாபி. நம்ம ஊர்ல லாபிக் கோடு மேலேயே சின்னப் பிள்ளைகளை உட்கார வச்சுர்றாங்க. ரைடர் வெளியில பறந்து விழுந்தா யாருக்கு அடி? அடுத்தது மண்ணு. கடல் மணலை அள்ளிக் கொட்டாதீங்க, கால் புதைஞ்சு முட்டி திரும்பிரும். என் வலது முட்டி போனது அப்படித்தான். கண்மாய் வண்டலும் மரத்தூளும் கலந்து, கல்லு, சிப்பி இல்லாமச் சலிச்சுப் போடுங்க. முந்தின நாள் சாயங்காலமே தண்ணி தெளிச்சு விட்டுருங்க, ஆட்டத்துக்கு முன்னாடி தெளிச்சா வழுக்கும். பசங்க சூடேத்தாம இறங்காதீங்க, நடுராத்திரிக் குளிர்ல உடம்பு இறுகிப் போயிருக்கும். சட்டுனு ஓடினா தொடைச் சதை கிழியும். வயித்துக்கு பரோட்டா அடைச்சுட்டுப் பாடிப் போகாதீங்க. ரெண்டு மணி நேரம் முன்னாடியே சாப்பிட்டு முடிச்சுருங்க.

தொண்டி மருமகள்

கபடியையும் கிரிக்கெட்டையும் விட்டு வேற சொல்றேன். நான் மானாமதுரைக்காரி, கட்டிக்கிட்டு வந்த இடம் தொண்டிப் பக்கம். பாய்மரப் படகுப் போட்டின்னா என்னன்னே அதுவரைக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்க வீட்டுக்காரர் ஒரு வத்தையில (பாய்மரப் படகைத்தான் இங்கே அப்படிச் சொல்றாங்க) போறாரு, ஆனா அக்காவுக்கு எல்லா வத்தையும் அத்துப்படி. யார் பாய்ல எந்த இடத்துல ஒட்டுப் போட்டிருக்கு, எது யார் கட்டினது, எது காத்துல வளைஞ்சு குடுக்கும், எது குடுக்காதுன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க.

எனக்குக் கடல்ல வெள்ளை வெள்ளையா முக்கோணம் தெரிஞ்சது, அவ்வளவுதான். அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க. நம்ம கடல் ஆழம் கம்மி, அதனால வத்தைக்கு அடி தட்டையா இருக்கும். பாய் பெருசு. காத்து அமுக்கினா ஒரு பக்கமா சாயும். சாயாம இருக்கக் குறுக்கே ஒரு பலகையை வெளியில நீட்டி, அதுமேல ஆளுங்க ஓடிப் போய் நிப்பாங்க. காத்து கூடினா நுனி வரைக்கும் போகணும், குறைஞ்சா சட்டுனு உள்ளே வரணும். பலகைக்குக் கீழே கடல்தான்.

கொடி கட்டின மிதவையைச் சுத்தித் திரும்புற இடம். பாய் மாறணும், பலகை மாறணும், ஆளும் மாறணும். கரையில ஒரே கூச்சல். அக்கா மட்டும் பேசலை. நெத்தியில கையை வச்சு மறைச்சுப் பார்த்துக்கிட்டே, "ஒரு தலை குறையுது"ன்னாங்க. எனக்குப் புரியலை. "ஆறு இருக்கணும், அஞ்சுதான் இருக்கு."

அவ்வளவு தூரத்துல எனக்குத் தலையே தெரியலைங்க. இவங்க எண்ணியிருக்காங்க. வந்ததுல இருந்தே எண்ணிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க, ஒவ்வொரு வத்தையிலயும். பின்னால வந்த வத்தை வேகத்தைக் குறைச்சு விழுந்தவரைத் தூக்கினப்பதான் கரையில மத்தவங்களுக்கே தெரிஞ்சது. விழுந்தது அக்கா வீட்டுக்காரர் இல்லை. "ஏழு... இந்த வத்தையில இப்ப ஏழு. சரி, ஏத்திக்கிட்டாய்ங்க"ன்னு சொல்லிட்டு, அதுக்கப்புறம்தான் மணல்ல உட்கார்ந்தாங்க. யாரு ஜெயிச்சாங்கன்னு எனக்கு இப்ப ஞாபகம் இல்லை.

மண்டபம் வடக்கு

பாம்பன் பையனுக்கு ஒண்ணு. தப்பா எடுத்துக்க வேண்டாம். ரெண்டு பாட்டை விட்டுட்டு மேட்சுக்குப் போனதைப் பெருமையா எழுதியிருக்கீங்க. எங்க வீட்ல படகு இருந்துச்சு. விசைப்படகுல நாலஞ்சு பேர்தான், ஒருத்தன் வரலைன்னா மத்தவனுக்குத்தான் கை வலி. டோக்கன் வாங்கி, டீசல் அடிச்சு, ஐஸ் ஏத்தின பிறகு ஆள் வரலைன்னு சொன்னா படகு கட்டியே கிடக்கணும். தடைக்காலத்துக்கு முந்தின வாரம்னா எல்லார் வீட்டுக்கும் கடைசிக் காசு அது. ரசிகனா இருக்கட்டும், வேண்டாங்கலை. பங்கு ஆளுங்களை நினைச்சாரா?

கீழக்கரை தெற்குத் தெரு

மண்டபத்துக்காரர் கேக்குறதுல நியாயம் இருக்கு, பாம்பன் தம்பி பதில் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி என்னோடது.

2022 டிசம்பர் 18, கால்பந்து உலகக் கோப்பை ஃபைனல், அர்ஜென்டினா – பிரான்ஸ். என் மச்சான் கத்தார்ல வேலை. அர்ஜென்டினான்னா உசுரு அவனுக்கு. சவூதிகிட்ட 2–1 தோத்த அன்னைக்கும் லுசைல் ஸ்டேடியத்துலதான் இருந்தான், ஃபைனலுக்கும் அங்கேதான். 3–3 ஆகி பெனால்டி. எனக்குப் போன் அடிக்கிறான். "என்னால பார்க்க முடியலை மச்சான். நான் திரும்பி நின்னுட்டேன். நீ டிவியில பார்த்துச் சொல்லு."

அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போய், அத்தனை ரியால் குடுத்து உள்ளே நுழைஞ்சவன், கோல் போஸ்டுக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, கீழக்கரையில உட்கார்ந்திருக்கிற என்னைக் கேக்குறான். ஆனா டிவி பிந்தி வருது. அவன் பக்கத்துச் சத்தம் போன்ல முதல்ல கேக்கும், அதுக்கப்புறம்தான் எனக்குப் படம். பிரான்ஸ் வீரர் கோமான் அடிச்சதை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினஸ் தடுத்தப்ப போன்ல இரைச்சல், இங்கே இன்னும் கோமான் பந்தை வச்சுக்கிட்டே இருக்கிறான். "என்னாச்சு? என்னாச்சு?"ங்கிறான். "எனக்கு இன்னும் வரலடா"ங்கிறேன். வாப்பா, உம்மா எல்லாம் டிவியை விட்டுட்டு என் போனையே பார்க்கிறாங்க.

அர்ஜென்டினா மான்டியல் அடிச்ச கடைசிப் பந்து. போன்ல வந்த சத்தத்துல அவன் குரல் காணாமப் போச்சு. அப்புறம் ஒரு அழுகை. டிவியில மான்டியல் அப்பத்தான் நடந்து வர்றாரு. ஒரு ஆட்டம் முடிஞ்சதைத் தெரிஞ்சுக்கிட்டே அதைப் பார்க்கிறது எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அவன் அந்தப் பந்தைக் கண்ணால பார்க்கவே இல்லை. ரீப்ளே பார்த்தியாடான்னு கேட்டா, "வேண்டாம், நீ சொன்னது போதும்"கிறான். நான் எங்கே சொன்னேன்? நான் ஒண்ணுமே சொல்லலையே.

பாம்பன் பையன்

மண்டபம் அண்ணனுக்கு. நீங்க கேட்டது சரியான கேள்வி. எழுதாம விட்டது என் தப்பு. அவன் தம்பியை ரெண்டு பாட்டுக்கும் ஏத்தி விட்டுட்டுத்தான் வந்தான். அந்தப் பங்கையும் தம்பிக்கே குடுத்துட்டான். யார் கையும் வலிக்கலை.

தொண்டி அக்கா எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் போனைக் கீழே வச்சுட்டேன்.

கீழக்கரைக்காரர் சொன்னதைப் படிச்சதும் இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. 2019 மார்ச் 23, மறுபடி சேப்பாக்கம், பெங்களூரை 70 ரன்னுக்குச் சுருட்டினாங்களே, அந்த மேட்ச். சனிக்கிழமை, பாடு நாள். மாப்ள போயிருக்கான். என்னைக் கூப்பிடலை. நானும் அவன் எங்கே இருக்கான்னு கேக்கலை. ராத்திரி போன் வந்துச்சு. எடுத்தா, பேச்சே இல்லை, விசில் சத்தமும் காத்து இரையிறதும்தான் கேக்குது. ரொம்ப நேரம் கழிச்சு, "கொண்டல்தான் மாப்ள"ன்னான்.