ரன்-அவுட் எழுத்துகளைப் படிப்பது எப்படி? நான்கு இசைத்தட்டுக்கும் “ஃபர்ஸ்ட் பிரஸ்” விலை சொல்கிறார்கள்

கருவட்டு:
வணக்கம். ஒரு வீட்டு இசைத்தட்டுச் சேகரிப்பு மொத்தமாக விலைக்கு வந்திருக்கிறது. நான்கு தட்டுகளில் எனக்குக் குழப்பம்: டெக்கா எஸ்எக்ஸ்எல் வரிசை ஆர்கெஸ்ட்ரா ஒன்று, பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ மோனோ (ஒற்றைத்தட ஒலி; பார்லஃபோன் பிஎம்சி 7009), மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ மோனோ (கொலம்பியா சிஎல் 1355), ப்ளூ நோட் ஜாஸ் நிறுவனத்தின் தட்டு ஒன்று. நான்குமே ஃபர்ஸ்ட் பிரஸ் (முதல் அச்சு) என்கிறார் விற்பவர். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் இருக்கும் வெற்றுப் பகுதியில் (ரன்-அவுட்) ஏதேதோ எண்ணும் எழுத்தும் இருக்கின்றன. எந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும்? கடைசியில் 1 என்று இருந்தால் போதுமா?

ஊசிமுனை:
போதாது. அந்த 1 எதை எண்ணுகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

இசையைப் பள்ளமாக வெட்டுவது லாக்கர் எனும் மென்பூச்சுத் தட்டில். அதன்மேல் நிக்கல் ஏற்றி உரித்தால் எதிர்ப்படிவம் கிடைக்கும். அதிலிருந்து மதர், மதரிலிருந்து ஸ்டாம்பர். வினைலை அழுத்துவது ஸ்டாம்பர்தான். ஆக எண்ண வேண்டியவை மூன்று: எத்தனையாவது லாக்கர், எத்தனையாவது மதர், எத்தனையாவது ஸ்டாம்பர். இங்கிலாந்தில் இஎம்ஐயும் (பார்லஃபோனின் தாய் நிறுவனம்) டெக்காவும் இந்த மூன்றையும் தட்டிலேயே பதித்தார்கள்.

மேட்ரிக்ஸ் எண் (அந்தப் பக்கத்தின் அடையாள எண்) உங்களுக்கு நேராக, கடிகாரத்தின் 6 மணி இடத்தில் வரும்படி தட்டைப் பிடியுங்கள். அந்த எண்ணின் கடைசியில் சிறு கோட்டுக்குப் பின் வரும் வால்தான் லாக்கர் எண். 9 மணியில் ஒற்றை எண்ணாக இருப்பது மதர். 3 மணியில் எழுத்தாக இருப்பது ஸ்டாம்பர்.

இஎம்ஐயின் ஸ்டாம்பர் எழுத்துகள் ‘கிராமஃபோன் லிமிடெட்’ என்பதன் சுருக்கத்திலிருந்து வந்தவை: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8. மிச்சம் இரண்டும் தமிழில் ஒரே மாதிரி ஒலிப்பதால் உருவத்தைப் பாருங்கள்: குறுக்குக் கட்டை போட்ட டி 9, அரைநிலா டி 0. ‘ஜிஏ’ என்றிருந்தால் 13ஆவது ஸ்டாம்பர். டெக்காவுக்கு ‘பக்கிங்ஹாம்’ என்ற சொல். ஆங்கிலத்தில் பத்து எழுத்து, ஒன்றும் திரும்ப வராது. முதல் எழுத்து 1, ஒன்பதாவது 9, கடைசி எம் 0. டெக்காவில் இன்னொன்று: லாக்கர் எண்ணை ஒட்டி வரும் எழுத்து வெட்டிய பொறியாளரைக் குறிக்கும். டபிள்யூ என்றால் ஹாரி ஃபிஷர்.

இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் படியுங்கள். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 3 என்று இருந்தாலும் அது முதல் அச்சாக இருக்கலாம். அந்தப் பக்கத்தின் முதல் இரண்டு லாக்கர்கள் வெளியீட்டுக்கு முன்பே கழிக்கப்பட்டிருக்கும்.

நிக்கல்தட்டு:
ஊசிமுனை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லாக்கர் எண்ணை மட்டும் வைத்து அச்சின் காலத்தைச் சொல்ல முடியாது. பீட்டில்ஸின் முதல் எல்.பி.யை (பிஎம்சி 1202, 1963) எடுங்கள். கறுப்பு–தங்க லேபிள் பிரதியிலும், அடுத்து வந்த கறுப்பு–மஞ்சள் லேபிள் பிரதியிலும் அதே ‘1என்’ வால் கொண்ட லாக்கர்தான். அங்கே முடிவு சொல்வது லேபிள்.

‘ரிவால்வர்’ நேர்மாறு. அதன் மோனோ இரண்டாம் பக்கம் எக்ஸ்இஎக்ஸ் 606-1 என்றிருந்தால் கடைசிப் பாட்டு ‘ரீமிக்ஸ் 11’ என்ற ஒலிக்கலவை. உடனே மாற்றிவிட்டார்கள், 606-2லிருந்து ‘ரீமிக்ஸ் 8’. கேட்டாலே வேறுபாடு தெரியும். இங்கே அந்த 1-க்கு உண்மையிலேயே விலை உண்டு. வெளியான நாள் இரண்டுக்கும் 1966 ஆகஸ்ட் 5தான். அட்டையை வைத்து ஒன்றும் பிடிபடாது.

ஆங்கில மேட்ரிக்ஸ் எண் இருப்பதாலேயே தட்டு இங்கிலாந்தில் அச்சானது என்றும் ஆகாது. கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான பல தட்டுகளில் இங்கிலாந்து எண்ணே இருக்கும், உலோகம் அங்கிருந்து வந்ததால். நம் ஊர்ச் சேகரிப்பு என்றால் லேபிளின் ஓரத்தில் ‘மேட் இன் இந்தியா’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆறுகண்:
கொலம்பியாவுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் ஓடாது. அங்கே எண்ணுக்குப் பின் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று எழுத்து வரும். பல ஆலைகளுக்கு அனுப்புவதற்காக ஒரே சமயத்தில் பல லாக்கர்களை வெட்டினார்கள். அதனால் 1டி என்பது 1ஏ-வுக்குப் பிந்தியது அல்ல, வேறு ஆலைக்குப் போனது. “1ஏ/1ஏ” என்று சொல்லி இரட்டை விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் லேபிளைப் பாருங்கள்: இடப்புறம் மூன்று, வலப்புறம் மூன்று கண் சின்னம் வேண்டும். முதலில் வந்த பிரதிகளில் இரண்டாம் பக்கத்தின் இரண்டு பாடல்களின் பெயர்களும் முன்பின்னாக அச்சாகியிருக்கும். ‘ஆல் ப்ளூஸ்’தான் முதலில் ஒலிக்கும், அட்டையில் ‘ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்’ முதலில் இருக்கும். அட்டையை மட்டும் நம்பாமல் லேபிளையும் ஒப்பிடுங்கள். பழைய அட்டைக்குள் புதுத் தட்டைச் செருகி விற்பது நடக்கிற விஷயம்.

வாங்கும் முன் தெரிய வேண்டியது ஒன்று. 1959 மார்ச் 2 அன்று பதிவானவை முதல் பக்கத்தின் மூன்று பாடல்கள். அன்று முதன்மை டேப் கருவி சற்று மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் போடும்போது சுருதி கொஞ்சம் ஏறிவிடுகிறது. 1992இல்தான் இது முதன்முறையாகத் திருத்தப்பட்டது. சரியான சுருதிதான் வேண்டுமென்றால் பழைய தட்டில் அது கிடைக்காது.

கருவட்டு:
நன்றி. படித்தவரை எழுதுகிறேன்.
டெக்கா: வால் -2டபிள்யூ, 9 மணியில் 3, 3 மணியில் ‘யூசி’. லேபிளின் மேல் இடது விளிம்பில் ‘மேட் இன் இங்கிலாந்து’, உள்ளே வட்டப் பள்ளம் உண்டு.
ரிவால்வர்: 605-2, 606-3.
கொலம்பியா: ஆறு கண் உண்டு, 1டி/1எஃப், பாடல் வரிசை சரியாகவே இருக்கிறது.
ப்ளூ நோட்: லேபிளில் ‘நியூ யார்க் யுஎஸ்ஏ’, வெற்றுப் பகுதியில் ‘வான் கெல்டர்’ முத்திரை. வேறெதுவும் கண்ணில் படவில்லை.

ஊசிமுனை:
டெக்கா: இரண்டாவது லாக்கர், மூன்றாவது மதர், 23ஆவது ஸ்டாம்பர். விளிம்பில் ‘ஒரிஜினல் ரெக்கார்டிங் பை’ என்று தொடங்குவதுதான் முதல் வகை லேபிள்; உங்களுடையது இரண்டாம் வகை. ஆனால் அந்த லேபிள் வந்தபின் வெளியான பதிவாக இருந்தால், அதற்கு அதுவேதான் முதல் லேபிள். ஆகவே எஸ்எக்ஸ்எல் எண்ணைப் பாருங்கள்: 2000 வரிசை என்றால் மறு அச்சு.

23 என்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ஸ்டாம்பர் அழுத்த அழுத்தத் தேயும். முதல் ஸ்டாம்பரின் கடைசிப் பிரதியைவிட 23ஆவதின் முதல் பிரதி தெளிவாக இருக்கும். உங்களுடையது அந்த ஸ்டாம்பரில் எத்தனையாவது பிரதி என்று எங்கும் பொறிப்பதில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கடைசி உரத்த பகுதியின் பள்ளங்கள் சாம்பல் பூத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பூத்திருந்தால் தேய்ந்த ஊசி உழுதிருக்கிறது. எந்தக் கழுவலும் அதைச் சரி செய்யாது. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கீறல்கள் நிறைய இருந்தாலும் அதிகம் ஓடிய தட்டு.

நிக்கல்தட்டு:
ரிவால்வர் 606-3, அதனால் ‘ரீமிக்ஸ் 11’ இல்லை. நல்ல நிலையில் இருந்தால் சாதாரண மோனோ விலைக்கு வாங்கலாம்.

ப்ளூ நோட்டை மறுபடி பாருங்கள். கையால் எழுதிய சாய்ந்த பி போல, காது மாதிரி ஒரு குறி தேட வேண்டும். அது பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம். மங்கலாகத்தான் இருக்கும். மைக்ரோ ஃபைபர் துணியில் காய்ச்சி வடித்த நீர் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்து, சிறு டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்கே தாழ்த்திப் பிடித்து, 10 மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸ் தூளோ பென்சில் கரியோ தேய்க்காதீர்கள், பள்ளத்துக்குள் போய்விடும்.

காது இல்லையென்றால், 1966இல் லிபர்ட்டி நிறுவனம் ப்ளூ நோட்டை வாங்கியபின் மிச்சமிருந்த பழைய லேபிளை ஒட்டி அச்சிட்டது அது. ஒலிப்பொறியாளர் வான் கெல்டர் வெட்டிய லாக்கரிலிருந்தே அச்சானது என்பதால் ஒலி நன்றாகவே இருக்கும். காது உள்ள தட்டின் விலையை மட்டும் இதற்குக் கொடுக்க வேண்டாம்.

ஆறுகண்:
கொலம்பியா ஆறு கண் அசல்தான். லேபிளிலும் வரிசை திருந்தியிருந்தால் ஆரம்ப அச்சு அல்ல, ஆனால் ஆறு கண் காலத்துக்குள் வந்தது. மோனோ தட்டு என்பதால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திக் கேட்டுப் பாருங்கள். பள்ளத்தின் மேலும் கீழுமான இரைச்சல் பெரும்பகுதி அடங்கிவிடும். அதற்குப் பிறகும் சரசரப்பு கேட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.