பழைய பைக் பத்திரிகையில் பார்த்த மெகாபோன், இன்றைய புல்லட்டுக்கு ஒத்துவருமா?

செவ்வாப்பேட்டை350:

வணக்கங்க. ஏற்காட்டில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்து, எடைக்குப் போக இருந்த மோட்டார் சைக்கிள் பத்திரிகைக் கட்டு ஒன்று கைக்கு வந்திருக்கு. சுமார் 140 இதழ். பாதி எழுபதுகளின் இங்கிலாந்து இதழ்கள், மீதி எண்பது, தொண்ணூறுகளில் நம்மூரில் வந்தவை. பக்கத்துக்குப் பக்கம் மெகாபோன் சைலன்சர் (வாய் கூம்பா விரியும் பைப்) விளம்பரம்தான். பேபிள் (சத்தத்தை அடக்கும் உள்தடுப்பு) இல்லாத பைப்பைப் போட்டால் பவர் கூடும் என்று அடித்துச் சொல்றாங்க.

வண்டி 1986 புல்லட் 350, வார்ப்பிரும்பு இன்ஜின், பாயிண்ட் இக்னிஷன். இப்போது ஷார்ட் பாட்டில் என்ற குட்டை சைலன்சர் மாட்டியிருக்கு. கேட்கவே காது கூசுது, ஆக்சிலேட்டரை விட்டால் பட்டாசு மாதிரி வெடிக்குது. அந்தக் காலத்து "டுப்... டுப்..." வேணும், ஆனால் தெருவே எழுந்திருக்கக் கூடாது. அந்த விளம்பரங்களை எந்த அளவுக்கு நம்பலாம்? சட்டம் என்ன சொல்லுது? இன்னொன்று, இதழ்களில் பூச்சி அரிச்சிருக்கு, சில பக்கங்கள் ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. என்ன செய்யலாம்?

அஸ்தம்பட்டி ஸ்பேனர்:

விளம்பரம் வேற, டெஸ்ட் ரிப்போர்ட் வேற, தம்பி. அந்த விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் "பந்தயத்துக்கு மட்டும்" என்று இருக்கான்னு முதலில் பாருங்க.

மெகாபோன் பொய் இல்லை. கூம்பு வாயில் போய் மோதும் அழுத்த அலை, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். இரண்டு வால்வும் ஒரு கணம் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் அது சரியாக வந்து சேர்ந்தால் எரிந்த புகையை இழுத்துவிட்டு, புது கலவைக்கு வழி விடும். ஆனால் அந்தப் பொருத்தம் ஒரு குறுகிய ஆர்பிஎம் எல்லைக்குள் மட்டும்தான். அதுக்குக் கீழே அலை தப்பான நேரத்தில் வந்து, கார்புரேட்டர் வழியா பெட்ரோலைத் துப்ப வைக்கும், வண்டி திணறும். பழைய இங்கிலாந்து இதழ்களில் இந்தத் திணறலை ஒரு வியாதி மாதிரி பேர் வைத்தே எழுதியிருப்பாங்க. உங்க 350-க்கு உச்ச பவரே 5,625 ஆர்பிஎம்மில் 18 குதிரைத் திறன். ஏற்காடு ஏறும்போது நீங்க ஓட்டுறது 2,500-க்கும் 3,500-க்கும் நடுவில். மெகாபோன் வேலை செய்யும் இடத்துக்கு வண்டி போகவே போகாது, திணறும் இடத்திலேயேதான் நாள் முழுக்க ஓடும்.

இப்போ சத்தம். 900 ஆர்பிஎம் ஐடிலிங்கில் நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் நொடிக்கு ஏழரை தடவை வெடிக்கும். நீங்க தேடும் "டுப்... டுப்..." அந்த இடைவெளியில்தான் இருக்கு, கனமான ஃப்ளைவீல் தருவது. நீளமான ஒரிஜினல் சைலன்சர் மேல் சுருதியை விழுங்கிவிட்டு அடிச் சுருதியை மட்டும் வெளியே விடும். ஷார்ட் பாட்டிலில் மேல் சுருதி அப்படியே வெளியே வந்துடும், அதுதான் காது கூசுறது. பழைய ஓசை வேணும்னா அமைதியான சைலன்சர்தான் வேணும். கேட்க முரணா இருக்கும், ஆனால் அதுதான் விஷயம்.

வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து வளைந்து வரும் புகைக்குழாய்), சிலிண்டர் ஹெட்டில் நுழையும் இடத்தில் காற்று இழுப்பது. த்ராட்டில் மூடியதும் எரியாத பெட்ரோல் ஆவி பைப்பில் போகும், அங்கே வெளிக்காற்று கலந்தால் பற்றிக்கும். சோதிப்பது சுலபம். குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ஈரத் துணியை நாலு மடிப்பா மடித்து சைலன்சர் வாயை அழுத்துங்க. இன்ஜின் மூச்சு முட்டி நிற்கணும். நிற்காமல் முன்பக்கம் "புஸ்ஸ்" என்றால் கசிவு. சோப்புத் தண்ணி தடவினால் குமிழி இடத்தைக் காட்டிடும். பைப் சூடாகும் முன் முடிச்சிடணும்.

சைலன்சரை மாற்றும் முன் மூன்று விஷயம் பாருங்க. பாயிண்ட் (பொறியைத் தூண்டும் தொடுமுனை) இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டைமிங் (பொறி பாயும் நேரம்), அதை வேகத்தோடு முன்கூட்டும் அட்வான்ஸ் விரியாத நிலையில், பிஸ்டன் மேலே வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்கணும். டைமிங் பின்னால் போயிருந்தால் எரிவது பைப்பில் வந்து முடியும். பைப் நீலம் பாயும், சத்தமும் கூடும். டாப்பெட் (வால்வு இடைவெளி), இன்ஜின் குளிர்ந்த நிலையில், புஷ்ராடு விரலால் சுழலணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பாதிப் பேர் டாப்பெட் தட்டுவதை சைலன்சர் சத்தம் என்று நினைத்து பைப்பை மாற்றிக்கிட்டிருக்காங்க.

வாங்கும்போது பெண்ட் பைப்பின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்துகிட்டுப் போங்க. தளர்வா வரும் சைலன்சரை கிளாம்ப் காப்பாற்றாது. கையில் எடுத்துக் குலுக்குங்க, உள்ளே கலகலத்தால் பேபிள் வெல்டிங் விட்டிருக்கு. அடியில் பொடி ஓட்டை இருந்தால் அடைத்துடாதீங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். ஏற்காட்டுக் குளிரில் பக்கத்துக் கடைக்குப் போய் வர்ற ஓட்டத்தில் அதில் ஒரு பங்கு சைலன்சருக்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். அந்த ஓட்டை அதுக்குத்தான்.

கன்னங்குறிச்சி ஆர்எக்ஸ்:

அண்ணே, எல்லாம் சரி. ஆனால் யமஹா ஆர்எக்ஸ் 100-இல் பேபிளை உருவினால் பிக்கப் கூடுதே, அது எப்படி? நேரிலேயே தெரியுது.

அஸ்தம்பட்டி ஸ்பேனர்:

தெரியுறது சத்தம், பங்காளி. சத்தம் கூடினால் வேகம் கூடின மாதிரி உடம்பு ஏமாறும். ஸ்டாப்வாட்சை வைத்து அடிவாரத்திலிருந்து முதல் வளைவு வரைக்கும் பாருங்க.

டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் இன்ஜினின் ஒரு உறுப்பு. வயிறு விரிந்து பின்னால் குறுகும் அந்த உருவம், வெளியே தப்பி ஓடும் புதுக் கலவையை அலையால் தள்ளித் திரும்ப சிலிண்டருக்குள் அடைக்கும். வால் பக்கக் குறுகல்தான் உள்ளே தேவையான அழுத்தத்தைக் கட்டி வைக்கும். பேபிளை உருவினால் அந்தக் கணக்கு கலையும். கீழ் ஆர்பிஎம் இழுவை போகும்.

ஒரு விஷயத்தில் உங்க பேச்சில் உண்மை இருக்கு. கரி அடைத்த பேபிளைக் கழற்றினால் வண்டி நிஜமாவே நல்லா ஓடும். காரணம் அடைப்பு போனது. அதுக்கு சுத்தம் செய்தால் போதும். வால் பக்க போல்ட்டைக் கழற்றி, பேபிளை பிளையரால் பிடித்து முறுக்கி இழுங்க. வராட்டி சைலன்சர் சூடா இருக்கும்போது முயலுங்க. ப்ளோ டார்ச்சில் சிவக்கக் காய்ச்சி, ஆறியதும் கம்பி பிரஷ் போட்டால் கரி செதில் செதிலா உதிரும். காஸ்டிக் சோடா ஊற்றுபவர்கள், தண்ணீரில் சோடாவைப் போடணும், சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீங்க. அலுமினியத்தில் படவே கூடாது. யெஸ்டி பைக்குக்கும் இதே வைத்தியம்தான். அதில் இரண்டு சைலன்சர், இரண்டையும் சேர்த்தே செய்யணும்.

இருபதாம் வளைவு:

மலைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்றேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கீழ் கியரில் முறுக்கி ஏறுகிற வண்டி, எதிர்ச் சரிவில் இருப்பவர்களுக்கு நடு வீட்டில் ஓடுகிற மாதிரி கேட்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல்தான் குறையும். காட்டெருமை நிற்கும் ரோட்டில் அதை மிரள வைப்பதும் நல்லதுக்கில்லை.

சட்டம்: மத்திய மோட்டார் வாகன விதி 120, வண்டிக்கு சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருந்தே ஆகணும் என்கிறது. புது பைக் கம்பெனியை விட்டு வரும்போது 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதுக்கு மேல் 80. உங்க 1986 வண்டி இந்த அளவுகள் வருவதற்கு முன்னால் வந்தது. அதுக்காக விதி 120 விட்டுடாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-இல், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. வண்டியை மாற்றி அமைத்த உரிமையாளருக்கு 182ஏ(4)-இல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 தனி.

அளந்து பார்க்கணும்னா நின்ற நிலைச் சோதனை வீட்டிலேயே செய்யலாம். மைக், சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில், அதே உயரத்தில் இருக்கணும். உச்ச பவர் 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் வரும் வண்டிக்கு அதில் பாதி வேகத்தில் அளக்கணும், அதாவது உங்களுக்கு சுமார் 2,800. பிளக் வயரில் சுற்றும் டேக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) என்றால் ஒரு எச்சரிக்கை: பழைய புல்லட்டின் டிஸ்ட்ரிபியூட்டர் அரை வேகத்தில் சுற்றுது, இரண்டு சுற்றுக்கு ஒரு பொறிதான். மீட்டரை அதுக்கு மாற்றி வைக்காட்டி பாதிதான் காட்டும், நீங்க 5,600-க்கு முறுக்கி இன்ஜினைக் கெடுப்பீங்க. போன் ஆப் சொல்லும் எண்ணை சத்தியமா எடுத்துக்காதீங்க. அதே போன், அதே இடம், அதே ஆர்பிஎம்மில் பழைய சைலன்சர், புது சைலன்சர் வித்தியாசம் பார்க்க மட்டும் அது போதும். 10 டெசிபல் வித்தியாசம் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாத் தெரியும்.

சத்தம் அளக்கும் மீட்டர் அடிச் சுருதியைக் குறைத்துத்தான் கணக்கிடும். அதனால் எண் சின்னதா வந்தும் ஜன்னல் கண்ணாடி அதிரலாம்.

பத்திரிகைக்காரங்க எல்லாரும் சத்தத்துக்கு ஆதரவுன்னு நினைக்காதீங்க. இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் சுற்றியிருந்தவர்கள் 1924-இல் வழக்குக்குப் போன பிறகு பந்தய வண்டிகளுக்கே சைலன்சர் கட்டாயமாச்சு. இந்தச் சண்டைக்கு நூறு வயசு. அமெரிக்காவில் 1983 மாடலுக்கு 83 டெசிபல், 1986-க்கு 80 என்று கட்டினாங்க. உங்க கட்டில் அந்த வருஷ இதழ்கள் இருந்தால் விளம்பரத்தை விட வாசகர் கடிதப் பக்கத்தைப் படிங்க.

குகை பழம்புத்தகம்:

பூச்சிக்கு: முதலில் இதழ்களை நிழலில், மின்விசிறிக் காற்றில் நல்லா உலர்த்துங்க. வெயில் வேண்டாம், மசி வெளிறும். பத்துப் பத்தா பாலித்தீன் உறையில் காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் பிரிக்காமல் ஒரு முழு நாள் அறை வெப்பத்தில் விடணும். உடனே பிரித்தால் பக்கத்தில் பனி வியர்க்கும். இராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பசையும்தான் சாப்பாடு, ஈரத்தை நிறுத்தினால் தானா போகும். வேப்பிலை, வசம்பு போடுவதில் தப்பில்லை, துணியில் கட்டிப் போடுங்க, நேரே பக்கத்தில் வைத்தால் கறை.

துருப்பிடித்த ஸ்டேப்லர் பின்னை வெளியிலிருந்து பிடுங்காதீங்க. நடுப்பக்கத்தைத் திறந்து, கால்களின் அடியில் பிளாஸ்டிக் துண்டைச் செருகி நிமிர்த்திட்டு, பிறகு வெளியே இழுங்க. அதே ஓட்டையில் பருத்தி நூலால் கட்டிடலாம். செல்லோடேப்பும் லேமினேஷனும் கிட்டவே வரக் கூடாது.

ஒட்டிப்போன வழவழப்புத் தாள் ஈரமா இருந்தால் மட்டும் பிரியும். காய்ந்து ஒட்டியது போனது போனதுதான். கத்தியை விட்டு நெம்பினால் ஒரு பக்கத்துப் படம் எதிர்ப்பக்கத்தோடு வந்துடும். அந்த இதழை அப்படியே வையுங்க.

ஸ்கேன் செய்ய 300 டிபிஐ போதும், சின்னப் படம், உதிரிபாக வரைபடம் இருந்தால் 600. அச்சுப் புள்ளிகள் கோலம் போட்ட மாதிரி தெரிந்தால் ஸ்கேனரில் டீஸ்கிரீன் போடுங்க. விளம்பரப் பக்கங்களைத் தவிர்க்காதீங்க, பாக எண்கள் அங்கேதான் இருக்கும்.

செவ்வாப்பேட்டை350:

நன்றிங்க எல்லாருக்கும். துணிச் சோதனை செய்தாச்சு, ஹெட் பக்கம் புஸ்ஸென்று வருது. மாற்றின சைலன்சரோட ஏற்காட்டுக்குப் போனால் கார்புரேட்டரில் ஏதாவது தொடணுமா?

அஸ்தம்பட்டி ஸ்பேனர்:

சேலம் 278 மீட்டர், ஏற்காடு 1,500-க்கு மேல். மேலே காற்று மெலிவதால் கலவை கொழுக்கும் (பெட்ரோல் பங்கு கூடும்). போய் வர்றதுக்கு ஒன்றும் தொட வேண்டாம். மேலேயே தங்கி ஓட்டினால், பிளக் கறுத்தால் மட்டும் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றுங்க, ஊசி அவ்வளவு கீழே இறங்கும். இறங்கி வரும்போது திருப்பி வைக்க மறந்துடாதீங்க. கீழே கலவை மெலிந்து, நீங்க ஒழித்த வெடிப்பு திரும்ப வரும்.