புதுப்பிப்பு: தானாக அணையும் கணினி – பழுது எஸ்.எம்.பி.எஸ்.ஸில்

வீடியோ எடிட்டிங்கின் நடுவே என் மேசைக் கணினி சட்டென்று அணைந்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் இருந்த ‘கெர்னல்-பவர் 41’ என்பது கணினி முறையாக மூடப்படவில்லை என்பதைத்தான் சொல்லுமே தவிர, அதற்கான காரணத்தைச் சொல்லாது. சிலர் சந்தேகித்த சூடும் காரணமன்று. முழுச் சுமையிலும் பிராசசர் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை.

பழுது பார்ப்பவர், கணினிக்குத் தேவையான மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்தபோது, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பி, கசிந்த திரவம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. இவை பழுதானதால், கிராபிக்ஸ் கார்டு திடீரென அதிக மின்சாரம் இழுக்கும் நொடியில் 12 வோல்ட் இணைப்பில் மின்னழுத்தம் சரிந்து கணினி அணைந்திருக்கிறது. (பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், அந்தப் பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம்.) புதிய எஸ்.எம்.பி.எஸ். பொருத்திய பின், அதே எடிட்டிங் வேலை தடையின்றி முடிந்தது.