பேனர் 16 அடி 8 இன்ச்சுலயே நின்னுடுது, மீதி வெறும் வெள்ளை, யாராச்சும் உதவுங்க

கேட்டவர்:
24 அடி நீளம், 14 அடி உயரம், ஒரே பேனர். மெஷின் 10 அடி அகல சால்வென்ட் இங்க் பிரிண்டர், அதனால மேல் பீஸ் கீழ் பீஸ்னு பிரிச்சு நீளவாக்குல ஓட்டி வெல்டிங் (சூட்டுல ஒட்டுறது) பண்ணிக்கலாம்னு இருந்தேன். கோரல் ட்ராவுல நிஜ அளவுலயே டிசைன் பண்ணி பிடிஎஃப் எடுத்து ரிப்ல (பைலை பிரிண்டருக்கு ஏத்த மாதிரி மாத்துற சாஃப்ட்வேர்) போட்டா 16 அடி 8 இன்ச் வரைக்கும் அருமையா வருது, அதுக்கப்புறம் ஒரு சொட்டு இங்க் கூட விழல. ரெண்டு தடவை ஓட்டியாச்சு, ஃப்ளெக்ஸ் வீணாப் போனதுதான் மிச்சம். இங்க் தெளிக்கிற பிரிண்ட் ஹெட் போயிடுச்சா?

பதில் 1:
ரெண்டு தடவையும் ஒரே இடத்துல நின்னுச்சா? ரிப் பிரிவியூல முழுசா தெரியுதா?

கேட்டவர்:
அதே இடம்ணா. பிரிவியூ இப்பதான் பாத்தேன், அதுலயே கட் ஆகித்தான் இருக்கு.

பதில் 2:
அப்போ ஹெட்ட தொடாதீங்க தம்பி, பைல்தான் காரணம். பிடிஎஃப்ல பக்கத்தோட பழைய உச்ச அளவு 14400 பாயிண்ட், 72 பாயிண்ட் ஒரு இன்ச், அதாவது 200 இன்ச், கணக்கு போட்டா சரியா 16 அடி 8 இன்ச். பிடிஎஃப் 1.6ல இருந்து அதுக்கு மேலயும் போகலாம், ஆனா எல்லா ரிப்பும் அதை ஏத்துக்கிறதில்ல. பத்துல ஒரு பங்கா சுருக்கிடுங்க, 28.8க்கு 16.8 இன்ச், ரிப்ல ஸ்கேல் 1000 சதவீதம். முக்கியமா படம், நிழல் எல்லாத்துக்கும் ரெசல்யூஷன் 720 டிபிஐ வைங்க, 72லயே விட்டா பெருசாகும்போது 7 சொச்சம்தான் மிஞ்சும், எழுத்துக்குப் பின்னாடி நிழல் கட்டம் கட்டமா தெரியும். ரெண்டு பீஸுக்கும் 1 இன்ச் ஓவர்லாப் மறக்காதீங்க.

கேட்டவர்:
முழு 24 அடியும் வந்துடுச்சுணா, ரொம்ப நன்றி! ஆனா ஒட்டுறதுக்கு விரிச்சுப் பாத்தா இடது ஓரம் கச்சிதமா சேருது, போகப் போக விலகி வலது ஓரத்துல அரை இன்ச் தள்ளி நிக்குது, நடுவுல வர்ற பெரிய எழுத்து உடைஞ்ச மாதிரி இருக்கு.

பதில் 3:
நானும் இதுல நிறைய அடி வாங்கியிருக்கேன். ரெண்டாவது பீஸ் வேற ரோல்ல ஓட்டினீங்களா? இழுவை மாறினாலும் ஹீட்டர் சூடு மாறினாலும் ஃப்ளெக்ஸ் கொஞ்சம் நீளும், 24 அடிக்கு அரை இன்ச் வர்றது பெரிய விஷயமே இல்ல. ஒரே ரோல், ஒரே பாஸ் (ஒரே இடத்து மேல ஹெட் எத்தனை தடவை போகுதுங்கிற செட்டிங்), ஒரே சூடு, நடுவுல நிறுத்தாம அடுத்தடுத்து ஓட்டணும். இப்போதைக்கு இன்னொரு தடவை பிரிண்ட் போடாதீங்க, நடுவுல 12 அடியில ரெண்டு பீஸையும் சேர்த்துப் பிடிச்சு அங்கேருந்து ரெண்டு பக்கமும் வெல்டிங் பண்ணிட்டுப் போங்க, விலகல் பாதி பாதியா பிரிஞ்சு ஓரத்துக்குக் கால் இன்ச்தான் வரும், கீழ இருந்து பாக்கிறவங்க கண்ணுக்கு அது தெரியாது. அடுத்த தடவை ரெண்டு பீஸையும் பொருத்திப் பாக்க ஓவர்லாப்ல 3 அடிக்கு ஒரு சின்னக் கோடு போட்டு வைங்க.

கேட்டவர்:
ஆமாண்ணா, முதல் பீஸ் முடிஞ்சதும் ரோல் தீர்ந்து புதுசு மாத்தினேன். நடுவுல இருந்து ஒட்டியாச்சு, அந்த எழுத்து இப்போ நேரா நிக்குது. மாட்டக் கிளம்பிட்டோம்.