தொகுப்பாளர், நடிகை, எழுத்தாளர்: மூன்றும் ஒருவரால் முடியுமா?

பென்னாகரத்தான்:
அக்கா மகள் தருமபுரியில் பி.ஏ. தமிழ் படிக்கிறாள், உள்ளூர் கேபிள் சேனலில் பொங்கல் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினாள், இப்போது நடிக்கணும், எழுதணும் என்கிறாள். வீட்டில் ஏதாவது ஒன்றைப் பிடி என்கிறார்கள். மூன்றையும் செய்தவர்கள் உண்டா?

ஓசூர்வாசி:
சுஹாசினி இருக்கிறாரே! அவர் நடிக்க வந்தவரே இல்லை. சென்னை திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தவர், அங்கிருந்துதான் 1980இல் மகேந்திரனின் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'வில் நாயகி ஆனார். 'சிந்து பைரவி'க்குத் தேசிய விருது. அப்புறம் 1991இல் தூர்தர்ஷனுக்கு 'பெண்' தொடரையும் பிறகு 'இந்திரா' படத்தையும் இயக்கினார், 'ராவணன்' வசனம் எழுதினார், ஜெயா டிவியில் 'ஹாசினி பேசும் படம்' என்று விமர்சன நிகழ்ச்சியும் நடத்தினார்.

மாங்கனி:
சரிங்க, ஆனால் அவர் சாருஹாசன் மகள், கமலுக்கு அண்ணன் மகள், மணிரத்னம் மனைவி. அரூர், பாலக்கோடு பிள்ளைக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

ஓசூர்வாசி:
குடும்பம் உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கேமராவுக்குப் பின்னால் வேலை கற்றுக்கொண்டு வந்தவர் என்பதால்தான் அடுத்தடுத்து இயக்கம், வசனம் என்று போக முடிந்தது என்பது என் கணக்கு.

கூத்துப்பிரியன்:
நம்ம பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் விடிய விடிய என்ன செய்கிறார்? வேஷக்காரரை அறிமுகப்படுத்துகிறார், கோமாளியாக நடிக்கிறார், வசனத்தையும் அந்த நேரத்திலேயே கட்டிவிடுகிறார். பாப்பாவை முதலில் எழுதச் சொல்லுங்கள், அதற்குச் சென்னை போக பஸ் டிக்கெட் வேண்டாம். தருமபுரி புத்தகத் திருவிழாவில் மேடை கேட்டுப் பார்க்கலாம்.